கோவாவில் இருக்கும் யல்லப்பா

ஜனவரி 19

அல்நாவர் பாசஞ்சர் இன்றும் தாமதம். தார்வாடுக்குத் தயிர் விற்கப் போகிற பெண்கள் ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், தாமதமானால்தான் பேசுவார்கள். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு இவர்களிடம் இன்னும் பதினோரு பேட்டி வேண்டும்.

கல்லவ்வா மட்டும் பிடி கொடுப்பதில்லை. "எங்களை இத்தனை கேள்வி கேக்கறியே தாயி, நீ ஏன் கல்யாணம் பண்ணிக்கலே? அதுக்கும் ஏதாவது படிப்பு இருக்கா?" பெட்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

ஜனவரி 27

தத்துவ வகுப்பு. யாருக்கும் கெடுதல் செய்யாத பொய்யும் தவறுதானா என்று கேட்டார் ஆசிரியர். நான் எழுந்து, "எந்தப் பொய்யும் கேட்பவரை முட்டாளாக்குகிறது, அதுவே கெடுதல்தான்" என்றேன். சிலர் மேசையைத் தட்டினார்கள். நன்றாகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 6

கல்லவ்வா பேசிவிட்டாள்.

மத்தியானத்து ரயில். பெட்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். ரொட்டியும் நிலக்கடலைச் சட்னியும் கொடுத்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். கோவாவில் இருக்கிற கணவர் அனுப்பியதா என்று சும்மா கேட்டேன்.

"நான்தான் ஹூப்ளியில வாங்கினேன். பதினேழு வருஷமா நான்தான் வாங்கறேன். அவர் அனுப்பினார்னு ஊர்ல சொல்லிப்பேன்."

கணவர் யல்லப்பா அங்கே வேறொருத்தியோடு போய்விட்டாராம். உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. மகள் ரேணுகாவுக்கும் தெரியாது. சொல்லும்போது கல்லவ்வா அழவில்லை. வளையலை மட்டும் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சொல் விடாமல் எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 8

ஆய்வேட்டில் கல்லவ்வாவின் பெயரை மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயரும் போடவில்லை. போதும்தானே?

மார்ச் 3

என் வழிகாட்டி ஹிரேமட் மேடம் மூன்றாம் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தாராம். "ஒரு பெண் ஊரையே பதினேழு வருஷம் ஏமாத்தியிருக்கா. நீலா, உன் ஆய்வே இதுதான். மத்ததெல்லாம் சும்மா புள்ளிவிவரம்." வரும் வாரம் துறைக் கருத்தரங்கில் படிக்கச் சொன்னார். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையும் கிடைக்கலாம் என்றார். நடையே மாறிவிட்டது எனக்கு.

மார்ச் 10

படித்தேன். கைதட்டினார்கள். அதற்கப்புறம்—

கேன்டீனில் சுனந்தா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். முதல் வருட மாணவி, அதிகம் பேசமாட்டாள். கிர்மிட் பொரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அது எங்க ஊர்க் கல்லவ்வாதானே?"

தலையசைத்தேன்.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் அக்கா. யல்லப்பா கதை எங்கப்பாவுக்கு அந்த வருஷமே தெரியும். பண்டிகை வந்தா எங்கம்மா போய், 'கோவாப் புடவை வந்துடுச்சா?'ன்னு கேட்டுட்டு வருவாங்க. கேக்காம விட்டா அவங்க மனசு என்ன பாடு படும்?"

"எல்லாருக்குமா?"

"சின்னப் பசங்களைத் தவிர. யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லே. இன்னிக்கு நீங்கதான் முதல்ல சொல்லியிருக்கீங்க."

யார் யாரை ஏமாற்றினார்கள்? முப்பது பக்கம் எழுதினேனே, என்னத்தைப் பார்த்தேன் நான்?

மார்ச் 11

வேறு பெட்டியில் ஏறினேன்.

மார்ச் 14

கல்லவ்வாவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் மறைத்துவிட்டு எப்படி எதிரே உட்காருவது? தார்வாடில் இறங்கி, சுமையைத் தலையில் ஏற்றும் முன் நிறுத்தினேன். அவள் கதையைப் பெயர் சொல்லாமல் கருத்தரங்கில் படித்தேன், அங்கே அவள் ஊர்ச் சுனந்தா இருந்தாள் என்றேன்.

கல்லவ்வா சும்மாட்டுத் துணியைச் சுற்றியபடியே இருந்தாள். சுற்றியதைப் பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை ரேணுகாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க," என்றாள். அப்புறம், "எழுதிக்கறேன்னு சொன்னே. படிச்சுக் காட்டுவேன்னு சொன்னியா?"

"இல்லே."

"அந்தப் பொண்ணு கேட்டுட்டு என்ன சொல்லுச்சு?"

ஊருக்கே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்பவரை முட்டாளாக்கக் கூடாது என்று பேசியவள்தானே நான்.

"அவளுக்கு ஒண்ணும் புரியலே. யாரோன்னு நினைச்சுட்டா," என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா, தெரியவில்லை. "சரி, பானையைப் பிடி," என்றாள். தூக்கிவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மார்ச் 16

ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டேன். "பெயர்தான் மாத்தியாச்சே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் ஹிரேமட் மேடம். அவர் கெட்டவர் இல்லை. என்னைவிட அவருக்குத்தான் வருத்தம். "உதவித்தொகைக்கு இனி நான் எதைக் காட்டுவேன்?" என்று கேட்டார். கணினியில் இருந்ததை அழித்தேன். குறிப்பேட்டில் அந்தப் பக்கங்களையும் கிழித்தேன்.

ஏப்ரல் 22

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. "விவரம் இருக்கிறது, பார்வை இல்லை" என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். இரண்டாம் வகுப்பு. உதவித்தொகை வேறொருவருக்கு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 2

மார்ச்சுக்குப் பிறகு கல்லவ்வா இன்றுதான் பேசினாள். ரேணுகாவின் கல்யாணப் பத்திரிகையை என் மடியில் போட்டாள். "பதினேழாந்தேதி. சாப்பிட வா. நோட்டுக் கொண்டு வராதே."

மே 17

வெறுங்கையோடு போனேன். ஊர் முழுக்கப் பந்தலில் இருந்தது. முகூர்த்தம் நெருங்கியதும் புரோகிதர் நிமிர்ந்து, "பொண்ணோட அப்பா எங்கே? தாரைவார்க்கணும்," என்றார். கல்லவ்வா செம்பைப் பிடித்தபடி நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுனந்தாவின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"யல்லப்பா நேத்து எங்க வீட்டுக்குத்தான் போன் பண்ணினான். லீவு கிடைக்கலையாம். ஒரே அழுகை. 'அண்ணா, என் இடத்துல நீ நின்னு செஞ்சு குடு'ன்னான்."

"ஆமா, பாவம்," என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "எங்ககிட்டயும் சொன்னான்," என்றது இன்னொன்று.

கல்லவ்வா அவரைப் பார்த்தாள். பந்தலில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தாள். செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

என் பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை. என் காதருகே குனிந்து, "அவருக்குக் கோவாவுல என்ன வேலை?" என்று கேட்டாள்.

"துறைமுகத்துல," என்றேன்.