நெட்டுக்குப்பத்து மேரி

செவ்வாய், இரவு.

முடக்குவாத மாத்திரை வாங்க இன்றும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். வரிசையில் நிற்கும்போது தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினேன். அவள் தன் விரல்களைக் காட்டிச் சிரித்தாள். என்னுடையவை போலவே வீங்கிக் கோணியிருந்தன. பெயர் மேரி. நெட்டுக்குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவளாம்.

"காத்தால ஜாக்கெட் கொக்கி போட முடியுதாக்கா?" என்று கேட்டாள்.

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. மகள் எழுந்து மாட்டிவிடும்வரை முந்தானையைப் போர்த்திக்கொண்டே சமைப்பதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"நா நைட்டிக்கு மாறிட்டேன்க்கா. எவ இன்னா சொன்னா இன்னா?" என்றவள் போன் நம்பர் கொடுத்தாள். "ரொம்ப பேஜாரா கீதுன்னா கூப்டு."

ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் மேரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். போனைப் பார்த்தபடியே தலையாட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டேன். அவளுக்கு அது தெரியவேயில்லை.

வாசலுக்குப் போய் மேரியைப் போனில் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் பார்த்த அக்கா என்றேன்.

"இன்னாக்கா, வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குது மேரி."

வீட்டுக்குள் யார் கேட்டாலும் "ஒண்ணுமில்லை" என்றே சொல்லிப் பழகியவள் நான். இப்போது அப்படிக் கேட்பவர்களும் இல்லை. அவள் போனை வைக்காமல் இருந்தாள். நானும் வைக்கவில்லை.