பாலையடி பஸ் தரிப்பிடம்

உ
மல்லாவி,
12.09.1962

அன்புள்ள அத்தானுக்கு,

பத்மாசனி எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். கொழும்பில் கடைச் சாப்பாட்டில் நீங்கள் மெலிந்துபோகாமல் நல்லூரான் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் அம்மாவைப் பற்றித்தான் கவலை. அதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. மாங்குளத்திலிருந்து எங்கள் குடியேற்றத்துக்குப் பஸ் வந்துவிட்டது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கத்தரிக்காய் மூட்டையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போன காலம் முடிந்தது. பக்கத்து வளவு நேசமலரைப் பிள்ளைப்பேற்றுக்கு அதில்தான் கொண்டுபோனார்கள். மாட்டு வண்டியென்றால் வழியிலேயே பெற்றிருப்பாள். கலியாணம் முடித்த நாள் முதல் நான் கேட்டும் வராத வசதி, நீங்கள் கொழும்புக்குப் போனபின் வந்திருக்கிறது!

பஸ் திரும்புவதற்காகக் காட்டோரத்தை வெட்டி வெளியாக்கினார்கள். மிச்ச இடம் ஊருக்குப் பொது மைதானம். பின்னேரத்தில் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். பெண்கள் நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்போர் இருக்கப் போட்ட சீமெந்து வாங்கில் இருந்து கதைக்கிறோம். முன்பெல்லாம் பொழுதுபட்டால் யானைக்குப் பயந்து கதவைச் சாத்துவோமே! எனக்கு அந்த இடம் நன்றாகப் பிடித்திருந்தது.

ஆனால் பாலை மரத்தையும் வெட்டிவிட்டார்கள். காட்டுக்குள் போகிறவர்கள் பிள்ளையாரை நினைத்து அதன் கிளையில் ஓர் இலைக்குழையைச் செருகிவிட்டுப் போவதும், திரும்பி வந்ததும் அதை எடுத்து எறிவதும் உங்களுக்குத் தெரியாததா? நாங்கள் குடியேறிய வருடம் தேனெடுக்கப் போன உங்கள் ஐயா, தன் குழையை எறிய வரவேயில்லை. அது வாடிவிடாமல் வெள்ளிக்கு வெள்ளி மாமி புதுக்குழை செருகி வந்தார். குழை பச்சையாக இருக்கும்வரை போனவர் வழியில்தான் இருக்கிறார் என்பது மாமியின் எண்ணம். அதனால்தானே பொட்டையும் அழிக்கவில்லை, உங்களைக் கிரியை செய்யவும் விடவில்லை.

பஸ் கொண்டக்டர் தவராசா பருத்தித்துறை ஆள். எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாதவர். போன கிழமை வாங்கடிக்கு வந்து அவராகவே கேட்டார்: "அக்கா, காட்டு வளைவிலை ஏறுற அப்பு ஆர்? பின் சீற்றிலை இருந்து, 'தம்பி, பாலையடி வந்திட்டுதோ?' எண்டு கேட்டுக்கொண்டே வாறார். இதுதான் எண்டு சொன்னால் எட்டிப் பார்த்திட்டு, 'இஞ்சை மரமில்லை, இது எங்கடை ஊரில்லை' எண்டுறார். பிறகு பார்த்தால் ஆளைக் காணேல்லை." ஒரு காது கிழிந்த வயதான அப்பு என்றும் சொன்னார். அத்தான், உங்கள் ஐயாவின் காதைக் கரடி கிழித்தது அவருக்கு எப்படித் தெரியும்?

மாமியும் பக்கத்தில் நின்று கேட்டார். அழவில்லை. அன்று முதல் மாலைப் பஸ் வரும் நேரத்துக்குக் கையில் குழையோடு போய், மரம் நின்ற இடத்தில் நிற்கிறார். நேற்று அவரைக் கூட்டிவர நானும் போனேன். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மாமி குழையை உயர்த்திப் பிடித்தார். பின் சீற்றில் ஒருவரும் இல்லை, என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் விளையாட்டை விட்டுவிட்டு அந்த யன்னலையே பார்த்தார்கள். தேன் மணத்தது. இது தேன் காலமும் இல்லை, பஸ்ஸில் யாரும் தேன் கொண்டுவரவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமி தன் கூறைச் சேலையைத் தோய்த்துக் காயப்போட்டார். "அவருக்கு இடம் பிடிபடேல்லை, பிள்ளை. வாற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி நானே காட்டு வளைவிலை போய் இறங்கி அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்கிறார். அந்தக் காட்டுக்குள் அவர் போனால் திரும்பி வரமாட்டார். அறையில் பூட்டி வைக்கவும் எனக்கு மனமில்லை. தாயில்லாத எனக்குத் தாயாக இருப்பவர் அவர்தானே.

ஆகவே அந்த வெள்ளிக்கு முன் வந்துவிடுங்கள். லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள், வயல் இருக்கிறது. மாங்குளத்தில் இறங்கி அந்த மாலைப் பஸ்ஸிலேயே ஏறுங்கள். பின் சீற்றில் இருங்கள். மைதானம் வந்ததும், "இதுதான் எங்கடை ஊர், இறங்குங்கோ ஐயா" என்று சத்தமாகச் சொல்லிக் கையை நீட்டுங்கள். மகன் சொன்னால் நம்புவார். பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள், அத்தான். கீழே மாமி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

வழியெல்லாம் பிள்ளையார் உங்களுக்குத் துணை நிற்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
பத்மாசனி