தொடர்பு நோட்டில் என் கையெழுத்து

அக்டோபர் 3
இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வாரம். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கத் தனி வகுப்பு. பத்து வயது மூத்தவளும் ஆறு வயது சின்னவளும் ஒரே அறையில். சாயங்காலம் பள்ளி வாசலில் டீச்சர் என்னை நிறுத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார். சின்னவளைக் காட்டினார், மூத்தவளைக் காட்டினார். என்ன சொல்கிறார் என்று மூத்தவளைக் கேட்டேன்.

"நல்லா படிக்கிறோமாம்."

இதற்கா இவ்வளவு பேச்சு?

அக்டோபர் 6
டீச்சர்மேல்தான் சந்தேகம். அளவுக்கு மீறிச் சிரிக்கிறார். சின்னவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை; அதைச் சாக்காக வைத்து அவளை வேறெங்காவது அனுப்பிவிடுவார்களோ? வீட்டுக்காரரிடம் புலம்பினேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவர். விமானத்தில் பெல்ட் மாட்டிவிட்ட பெண்ணையே நான் முறைத்ததை நினைவுபடுத்தினார். முறைத்தேன்தான். என் கைப்பை பக்கத்தில் இருந்ததே.

அக்டோபர் 9
பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வரும் தொடர்பு நோட்டு ஒன்று உண்டு. டீச்சர் எழுதுவார், நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரமாக அது கண்ணில் படவில்லை. பள்ளியிலேயே இருக்கிறதாம். சொல்லும்போது மூத்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா?

அக்டோபர் 11
மெத்தைக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கத்தில் டீச்சர் ஏதோ கடிதம் ஒட்டியிருக்கிறார். கீழே இரண்டு கட்டங்கள், ஒன்றில் டிக். அதற்குக் கீழே தமிழில் என் கையெழுத்து. கடைசிச் சுழி உட்பட. ஆனால் நான் போடவில்லை.

இந்த ஊரில் தமிழில் யார் போடுவார்கள்? என் பிள்ளையா? எதற்கு?

அக்டோபர் 12
சலவைக்கூடத்தில் இவருடன் வேலை செய்யும் தமிழ்க்கார அண்ணன் ஒருவர் இங்கே பதினோரு வருஷமாக இருப்பவர். வீட்டுக்கு வந்து படித்துச் சொன்னார். மூத்தவள் தேறிவிட்டாளாம், மேல்மாடியில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் வகுப்புக்குப் போகலாமாம், சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். டிக் போட்டிருப்பது 'வேண்டாம்' என்ற கட்டத்தில்.

அவர் போனபிறகு அவளை உட்காரவைத்துக் கேட்டேன். அடிக்கக்கூடக் கை ஓங்கினேன். அவள் அழவில்லை.

"நான் மேல போயிட்டா தங்கச்சியை யாரு பாத்ரூம் கூட்டிட்டுப் போவா? இவளுக்குக் கேக்கத் தெரியாதும்மா. முதல் வாரம் ரெண்டு தடவை நனைச்சிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க."

எனக்கு ஏன் தெரியவில்லை? நனைந்த துணியை மூத்தவளே துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு இது தெரியவில்லை.

அக்டோபர் 14
டீச்சர் வரச்சொல்லியிருந்தார். மொழிபெயர்க்க வேறு யாரும் கிடைக்கவில்லை. மூத்தவளே நடுவில் நின்றாள். டீச்சர் அந்தப் பக்கத்தைத் திறந்து, கையெழுத்தின்மேல் விரல் வைத்து ஏதோ கேட்டார். இவள் முகம் வெளிறிவிட்டது. இப்போதும் மாற்றிச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"இது நீங்க போட்டதா, இல்ல நான் போட்டதான்னு கேக்கறாங்கம்மா."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். இந்த ஊரில் என் பிள்ளைக்குப் பொய்க்காரி என்ற பெயர் வரக் கூடாது.

"அம்மாதான் போட்டாங்க, இப்ப மனசு மாறிட்டாங்கன்னு சொல்லு."

என்னையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பிரெஞ்சில் பேசினாள். டீச்சர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நோட்டை மூடினார். அவள் என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது. வழியில் நான் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 17
மூத்தவள் மேல்மாடிக்குப் போனாள். சின்னவள் என் புடவையை விடவில்லை. டீச்சர் பின்வரிசையில் ஒரு சின்ன நாற்காலியைக் காட்டினார். முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்தேன்.

பத்தரை மணிக்குச் சின்னவள் நெளிந்தாள். நான் கையைத் தூக்கி, காலையில் மூத்தவள் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்துவிட்டு, எனக்கு அதைச் சரியாகச் சொல்லிக்காட்டினாள்.