மான்களுக்குத் தெரிந்த சட்டை

பெங்களூர் ரயிலில் இதைப் படிக்கப்போகும் என் வீட்டுக்காரருக்கு,

நேரில் சொன்னால் சண்டையாகும். அதனால்தான் சாப்பாட்டு டப்பாவோடு இதை வைக்கிறேன்.

ஞாயிறானால், மூடிய தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்கு மான் பார்க்கப் போவதாகச் சொல்கிறீர்கள். நான் நம்பவில்லை. “இன்னாடி, மான் மேலயும் சந்தேகமா?” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நேற்று நீங்கள் வேலைக்குப் போனதும் நானே போய்ப் பார்த்தேன். மேட்டுத் தூசிக்குப் பயந்து உங்கள் பழைய காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டேன். மான்கள் இருந்தன. என்னைக் கண்டு ஓடவில்லை. ஒரு பெண்மான் நேராக வந்து சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தது. பையில் வேர்க்கடலைத் தோல். வீட்டில் கடலை எங்கே போகிறது என்று புரிந்தது.

உங்கள்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. ஆனால் போகும் வழியில், பழைய சுரங்க ஷாஃப்ட் பக்கத்துப் புதரில் மான் பிடிக்கும் புதுக் கம்பிக் கண்ணி ஒன்றைப் பார்த்திருந்தேன். அதை வைத்தவனும் காக்கிச் சட்டை போட்டு வரலாம். மான்கள் பக்கம் கல்லெடுத்து எறிந்தேன். அவை ஓடும்வரை எறிந்தேன்.

இனி வெறும் பையோடு போங்கள். கிட்டே வந்தால் நீங்களும் எறியுங்கள். என் சந்தேகத்தில் கொஞ்சம் அவற்றுக்கும் வேண்டும்.

உங்கள்மேல் இன்னும் ஒரு கண் வைத்திருக்கும்
உங்கள் மனைவி