கம்பெனி வரலாற்றில் ஒரு மூங்கில் கம்பு

18-8-1963, ஞாயிறு.

எங்கள் பிரதேச ராணுவக் கம்பெனியின் வரலாற்றை நான்தான் எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கி வரும்வரை மூங்கில் கம்பை வைத்துப் பயிற்சி செய்ததையும் எழுதியிருந்தேன். அது மரியாதைக் குறைவு, அந்த வரியை அடித்துவிடு என்றார் கேப்டன். மறுத்துவிட்டேன். இன்று அணிவகுப்பில் வாசித்தபோது அந்த வரியை மட்டும் தாண்டிப் போனார்.

என்னோடு முதல் நாளே சேர்ந்த சாணார்பட்டி மாயாண்டி வரிசையில் நின்றபடியே, "ஐயா, கம்ப விட்டுட்டீகளே. அதச் சொமந்து தோளு காச்சுப் போச்சே" என்றான். கம்பெனியே சிரித்தது. கேப்டனும் சிரித்துவிட்டு அந்த வரியை வாசித்தார். பந்தலில் கிடந்த ஒரு கம்பை எடுத்துத் தோளில் வைத்தும் காட்டினார்.

வலது தோளில் வைத்தார். "ஐயா, துப்பாக்கின்னா இடது தோளு" என்றேன். மாற்றிக்கொண்டார்.

என் எழுத்துக்கும் சொல்லுக்கும் அவர் இணங்கியது இன்றுதான். அதுவும் இரண்டு தடவை.