இருபத்தாறு மீட்டர்

மார்ச் 4, 2024, திங்கள்

புறவழிச்சாலை திறந்து பத்து நாளாகிறது. தி.நகர் அலுவலகத்தில் இன்றுதான் லட்டு கொடுத்தார்கள். ஆறு வழி, நாற்பத்தொரு கிலோமீட்டர். லாரிகள் இனி சென்னைக்குள் நுழையாமலே சுற்றிப் போய்விடும். நாங்கள் வரைந்து கொடுத்த சாலை. "உங்க பேரும் அதுல இருக்கு, இசக்கி மேடம்" என்று முதலாளி அச்யுத் கை குலுக்கினார். பெருமையாகத்தான் இருந்தது.

ரோஸி அக்கா இன்றும் மீன் கொண்டுவரவில்லை. நான்காவது நாள். பதினொரு வருஷத்தில் எங்கள் தெருவை அவள் இப்படி விட்டதில்லை.

மார்ச் 6

வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

வந்தாள். கூடை இல்லாமல். வாசற்படியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அமலி பூட்டா மா."

அமலி அவளுடைய ஒரே மகள். பட்டினப்பாக்கத்திலிருந்து கீழ்த்தாங்கலுக்குப் போன வருஷம்தான் கட்டிக்கொடுத்தாள். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் அமலிதான் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவாள். வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு வஞ்சிரம் நறுக்குவாள்.

"ரேசன் கட அந்தாண்ட கீது, வூடு இந்தாண்ட. நடுவுல புதுசா ரோட்ட போட்டுட்டானுங்க. அரிசி வாங்கிகினு வந்துருக்கா. வூட்டாண்ட வந்துட்டா மா, ஒரு அடிதான் பாக்கி. கார்காரன் நிக்கக்கூட இல்ல."

தண்ணீர் கொடுத்தேன். ஊர் நடுவே புது ரோடு என்றதுமே எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினான்காவது கிலோமீட்டர்.

மார்ச் 12

பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். 2019. முதல் படத்தில் கீழ்த்தாங்கலில் சாலைக்கு அடியே ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது, ஊர்க்காரர்கள் நடந்துபோக. மூன்றாவது படத்தில் இல்லை. அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், சரிபார்த்தவர்: இசக்கியம்மாள்.

அன்று அச்யுத் சொன்னது காதிலேயே இருக்கிறது. "அதுக்கு நிலம் எடுக்கணும்னா இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கும். இப்போதைக்கு எடுத்துடுங்க. ரோடு திறந்தப்புறம் பாத்துக்கலாம்." ஊர்க்காரர்கள் எப்படிக் கடப்பார்கள் என்று கேட்டேன். கேட்டேன்தான். "ரெண்டரை கிலோமீட்டர்ல பாலம் இருக்கே, மேடம்."

அரிசிப் பையோடு எவள் ரெண்டரை கிலோமீட்டர் போய், மறுபக்கம் ரெண்டரை கிலோமீட்டர் திரும்பி நடப்பாள்? அது அன்றைக்கு எனக்குத் தெரியாதா?

மார்ச் 14

சாலையின் அகலம் இருபத்தாறு மீட்டர். சுமையோடு நடக்கிறவளுக்கு நொடிக்கு ஒரு மீட்டர். நூறில் வரும் கார் அதே நொடியில் இருபத்தெட்டு மீட்டர் வந்துவிடும். கடைசி அடியில்தான் அடித்தது என்றால், அவள் முதல் அடி வைத்தபோது அந்தக் கார் முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருந்திருக்கும். அவள் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறாள். சாலை காலியாக இருந்திருக்கிறது.

பாண்டி பஜாரில் கடக்கும்போது எண்ணுகிறேன். லஸ் முனையில் எண்ணுகிறேன். அடுப்பில் பால் பொங்கும்வரை எண்ணுகிறேன். இருபத்தைந்தில் பின்னால் வளையல் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

"அமலி துணிமணில்லாம் எடுத்தாரணும். கார்ல இட்டுகினு போறியா மா?" எப்படி மாட்டேன் என்பேன்?

நான் வரைந்த சாலையில் இன்றுதான் முதல்முறை போனேன். ஒரு குலுக்கல் இல்லை. பக்கத்தில் அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். ஊர் எதிர்ப்பக்கம் இருந்தது. பாலம்வரை போய்த் திரும்ப வேண்டும் என்றேன். "எதுக்கு? தோ வூடு தெரியுதே. நிறுத்து."

நிறுத்தி முடிப்பதற்குள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். நடுத்திட்டில் நின்றோம். லாரி போகிற காற்றில் அவள் புடவை என் முகத்தில் அடித்தது.

"இத்த போட்டவன் ஒருத்தன் இருப்பான்ல மா. அவன் வூட்டுப் பொம்பள ஒரு நாளு அரிசிய தூக்கிகினு இத்த தாண்டணும். வேற ஒன்னியும் கேக்கல நானு."

சொல்ல வாயெடுத்தேன். ஒரு பஸ் இரைந்துகொண்டு போயிற்று. அது போன பிறகு தைரியம் வரவில்லை. அமலியின் புடவைகள் ஒரு பைக்குள் அடங்கிவிட்டன.

மார்ச் 18

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சொல்லி என்ன ஆவப்போவுது இசக்கி? செத்த பிள்ள திரும்பி வருமா? உன் வேலதான் போவும்" என்றார். அவர் சொல்வது சரிதான்.

சரிதான். ஆனால் எண்ணுவது நிற்கவில்லையே.

மார்ச் 20

சொல்லிவிட்டேன்.

இன்று கூடையோடு வந்திருந்தாள். சங்கரா நறுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சுரங்கப்பாதை வரவேண்டியது, வரைபடத்தில் அதை அடித்தது நான்தான் என்றேன். அவள் கை அரிவாள்மனையில் நின்றது.

"தெர்ஞ்சா செஞ்ச?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, கடவுளே.

"தெரிஞ்சுதான் அக்கா."

மிச்சத்தையும் நறுக்கினாள். கழுவிப் பாத்திரத்தில் வைத்தாள். கூடையைத் தூக்கிவிட எப்போதும் நான்தான் கை கொடுப்பேன். இன்று தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மீனைத் தொட முடியவில்லை.

ஏப்ரல் 1

சுரங்கப்பாதை கேட்டுக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். தேர்தல் முடிகிறவரை மனு வாங்க மாட்டார்களாம்.

ஏப்ரல் 26

கீழ்த்தாங்கலில் இன்னொருவர். பால்காரர். பேப்பரில் நாலு வரி.

ஜூன் 10, திங்கள்

குறைதீர் நாள். இரண்டு வரைபடங்களையும் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மாலைக்குள் அச்யுத்துக்குச் செய்தி போய்விட்டது. "அந்தக் கையெழுத்து உங்களோடது மேடம், என்னோடது இல்ல. அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

மறந்தால்தானே. ராஜினாமாவை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

விசாரணை. சுரங்கப்பாதைக்கு ஒப்புதல் வந்துவிட்டது, நிலம் அளந்து கல்லும் நட்டாயிற்று என்றார் அதிகாரி. என் மேல் நடவடிக்கை தனியாக வரும். வரட்டும்.

மகளை இழந்தவள் என்று ரோஸி அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். மார்ச்சுக்குப் பிறகு அவள் எங்கள் தெருவுக்கே வரவில்லை. இளைத்துப்போயிருந்தாள். என்னைக் காட்டி, "இவங்கள உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"தெரியும் சார். பதினோரு வருசமா தெரியும். இவங்க சொல்றது நெஜம். பொய் சொல்றவங்க இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எம் பொண்ணு செத்ததுக்கு இவங்களும் காரணம். ரெண்டயும் எழுதிக்கோ."

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.