ஊமைப்புயல் பேச மாட்டான்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, அத்தை, நான் மூவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்கு ஓய்வு கொடுத்து நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். "படத்தைப் பாக்காதீங்கம்மா, எல்லாரும் காறித் துப்புறாங்க, ரெண்டு வருஷ உழைப்பு வீணாப் போச்சு, வேற வேலைக்குப் போயிடலாமான்னு இருக்கு" என்று நீ அனுப்பியதைப் படித்தேன். பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அது வருவதற்குள் நாங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அங்கே நடந்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போவாய். இன்று மருந்துக் கடையில் எனக்கு வேலை இல்லை, விடுமுறை, அதனால் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஓடி வந்து நாலு நாள் இருந்தாயே, அதற்குப் பிறகு கால் நன்றாகத் தேறிவிட்டது, கைத்தடியோடு மாடிப்படி கூட ஏறுகிறார். பேச்சுதான் திரும்பவில்லை. "சரி" என்ற ஒரே சொல் வாயில் தங்கிவிட்டது, தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, வலித்தாலும் சரி. உன் அத்தைக்குச் சும்மா இருக்க முடியுமா, "கட்டிக்கிட்ட நாள்லேருந்து இப்பத்தான் எங்கண்ணன் நீங்க சொல்றதுக்கெல்லாம் சரிங்கிறார், அனுபவிங்க அண்ணி" என்றாள். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டுச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் பணிமனையில் என்ஜின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துப் பேசிய மனுஷன் இல்லையா. பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா பூனை, குடை, கோப்பை என்று படம் படமாகக் காட்டுவார், இவர் தலையைக் குனிந்துகொள்வார். போன மாதம் அந்த அட்டைகளையெல்லாம் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு பயிற்சிக்கு உட்காரவே இல்லை. உன்னிடம் இதை மறைத்தேன், நீ அங்கே தனியாக இருந்து என்ன செய்வாய் என்றுதான்.

அப்படி இருக்கும்போதுதான் நீங்கள் காமிக்ஸிலிருந்து படமாக எடுத்த ஊமைப்புயல் நம் தியேட்டருக்கு வந்தான். அந்தக் காமிக்ஸ் என்றால் அப்பாவுக்கு உயிர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் புத்தகத்தைத் திறப்பவர். முகமூடிக்காரன், எந்தக் கதையிலும் வாயே திறக்காதவன், அவன் வரும் பக்கங்களில் காற்றின் சத்தம் மட்டும்தான் எழுதியிருக்கும். உனக்கு வாசித்துக் காட்டும்போது அந்தக் காற்றை ஊதி ஊதியே அப்பாவுக்கு மூச்சு வாங்கும். மகன் கம்ப்யூட்டரில் செய்த காற்றை அவர் பார்க்க வேண்டும் என்று அத்தையும் நானும் பகல் காட்சிக்கு அழைத்துப் போனோம். அவனுடைய அங்கி கூரை மேல் படபடத்ததே, தெருப் புழுதி சுருண்டு எழுந்ததே, அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. எனக்குக் கதை பாதிதான் புரிந்தது, ஆனால் அந்தப் புழுதிக்கு நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகுதான் வினை. கதாநாயகன் ஊர்ச் சதுக்கத்தில் எல்லார் முன்னாலும் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தான். பயம் என்றான், பொறுப்பு என்றான், முடிக்கிற வழியைக் காணோம். பக்கத்தில் அப்பாவின் உடம்பு நடுங்குகிறது, முகம் சிவந்துவிட்டது, வாய் கோணுகிறது. மறுபடியும் வந்துவிட்டது என்றே நினைத்தேன் தம்பி, ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பைக்குள் போனைத் துழாவுகிறேன், கை போன் மேல் பட்டும் எடுக்கத் தெரியவில்லை. அதற்குள் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். "டேய்! அவன்... அவன் பேச மாட்டான்டா!" என்று தியேட்டரே அதிரும்படி கத்தினார். முன் வரிசைக்காரர் திரும்பி, "பெரியவரே, உக்காருங்க" என்றார். பின்னாலிருந்து யாரோ, "அவர் சொல்றது கரெக்டுதான்யா!" என்று கைதட்டினார்கள். அப்பா உட்கார்ந்து தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். அத்தை தன் முந்தானை போதாமல் என் முந்தானையிலும் கண்ணைத் துடைத்தாள். மீதிப் படத்தை நாங்கள் மூவருமே பார்க்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பெயர்கள் எறும்பு வரிசை மாதிரி ஓடியபோது உன் பெயரை அத்தைதான் கண்டுபிடித்தாள், பெருக்க வந்த பெண்ணிடமெல்லாம் காட்டினாள்.

மறுநாளே டாக்டரம்மாவை வரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கோபத்துல சில சமயம் இப்படிப் பேச்சு தானா வந்துடும், அதை வச்சு எல்லாம் சரியாயிடும்னு நெனச்சுடாதீங்க, ஆனா அவர் பேச ஆசைப்படறார், எனக்கு அது போதும்" என்றார். பூனையும் குடையும் போயின, இப்போது பயிற்சியெல்லாம் ஊமைப்புயலை வைத்துத்தான். அத்தை வேண்டுமென்றே தினம் சாயங்காலம் வந்து, "என்ன இருந்தாலும் அவன் பேசினதுதான் அண்ணே படத்துலயே அருமை" என்று வம்பிழுக்கிறாள். "குப்பை" என்று ஒரு நாள் வந்தது, "போடி" என்று ஒரு நாள் வந்தது. கரண்டியைச் சாவி என்கிறார், என்னைக் கூப்பிடும் பெயர் இன்னும் வரவில்லை, அது வரும்போது வரட்டும். ஆனால் இப்போது சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

உன் வேலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும். பிடிக்கவில்லை என்றால் விடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஊர் சிரிக்கிறதே என்பதற்காக மட்டும் விடாதே. படம் நன்றாக இல்லை என்று அப்பாவே சொல்கிறார், சொல்ல முடிகிறதே என்று நான் உன்னை வாழ்த்திக்கொண்டிருக்கிறேன். அப்பா விழுந்தபோது கூடவே இருக்க முடியவில்லை என்று மனதில் வைத்துக் குமைவதையும் இதோடு விட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, விடிய விடிய திரையைப் பார்க்காதே. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நாங்கள் மூவரும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பா ஒரு சொல்லுக்காகத் திணறுவார், அந்தச் சொல்லை நீ எடுத்துக் கொடுத்துவிடாதே, எவ்வளவு நேரமானாலும் காத்திரு. இப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், "எழுது" என்றார். என்ன எழுத என்று கேட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறார், நானும் பேனாவை மூடாமல் வைத்திருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா